தி பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்: பருவ முடிவும் கதைமாந்தரின் கதியும்

'தி பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்' என்பது 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்னும் அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரின் மூன்றாம் பருவத்தை முடித்துவைத்த கதை. இதன் முதற்பகுதி 1990 ஜூன் மாதம் ஒளிபரப்பானது. இரண்டாம் பகுதி நான்காம் பருவத்தின் தொடக்கமாக அதே ஆண்டு செப்டம்பரில் வந்தது. மைக்கேல் பில்லர் எழுத, கிளிஃப் போல் இயக்கினார். இடைப்பட்ட மூன்று மாதங்களில் பார்வையாளர்கள் பெரிதும் பேசிய கேள்வி, 'கேப்டன் பிக்கார்ட் பிழைப்பாரா?' என்பது. கதையை ஊன்றிப் பார்த்தால் அது எழுப்பும் கேள்விகள் வேறு இரண்டு. ரைக்கர் தலைமையை ஏற்பாரா? பிக்கார்ட் பிழைத்தால் எப்படிப்பட்ட மனிதராகத் திரும்புவார்?

கதை நின்ற இடம்

போர்க் என்னும் இனத்தில் தனிமனிதர் என்று எவரும் இல்லை. எல்லா உடல்களும் ஒரே மனமாக இயங்கும். பிற இனத்தாரைப் பிடித்து, உடலில் எந்திரங்களைப் பொருத்தி, அந்தக் கூட்டு மனத்துடன் இணைத்துவிடுவது அவர்கள் வழக்கம். எண்டர்பிரைஸ் கப்பலின் தலைவர் ழான்-லூக் பிக்கார்ட் (நடிப்பு: பேட்ரிக் ஸ்டூவர்ட்) அவர்களால் கடத்தப்பட்டு, 'லோக்யூட்டஸ்' என்ற பெயரில் அவர்களுடைய குரலாகத் திரையில் தோன்றுகிறார். துணைத் தலைவர் வில்லியம் ரைக்கர் (நடிப்பு: ஜோனதன் ஃப்ரேக்ஸ்) அந்தக் கப்பலைத் தாக்கும்படி ஆணையிடுகிறார். அந்த ஆணையோடு பருவம் முடிகிறது.

ஆணை பிறப்பிக்கும் ரைக்கரைப் பற்றிக் கதை முன்பே நிறையச் சொல்லிவிடுகிறது. மெல்போர்ன் என்ற கப்பலின் தலைமைப் பதவி அவரைத் தேடி வருகிறது. இப்படி ஒரு வாய்ப்பு வருவது அவருக்கு மூன்றாம் முறை. ஏற்றுக்கொள்ளும்படி பிக்கார்டே அறிவுரை கூறுகிறார். ரைக்கரின் இடத்தைப் பிடிக்க ஷெல்பி என்ற இளம் அதிகாரி வெளிப்படையாகவே ஆசைப்படுகிறார். 'ஏன் இங்கேயே தங்கிவிட்டேன்?' என்ற கேள்வி ரைக்கரை வாட்டுகிறது. இறுதிக் காட்சி அந்தக் கேள்வியின் உச்சம். தன்னை வளர்த்தவரையே சுட வேண்டிய நிலையில்தான் அவருக்குத் தலைமை வாய்க்கிறது.

ஊகத்தின் இரு வழிகள்

தொடரும் போட்டு நிறுத்திய கதையில் பாத்திரங்களின் கதியை இரு வழிகளில் ஊகிக்கலாம். ஒன்று, கதைக்கு வெளியே உள்ள தடயங்களைக் கொண்டு ஊகிப்பது. நடிகர் விலகுகிறாரா, அடுத்த பருவம் உண்டா என்று பார்ப்பது இந்த வகை. மற்றொன்று, பாத்திரத்தின் இயல்பையும் கதை அதுவரை சேர்த்துவைத்த சுமையையும் கொண்டு ஊகிப்பது. முதல் வழி பந்தயம் கட்டுவதைப் போன்றது. விடை வந்ததும் அதன் பயன் தீர்ந்துவிடும். இரண்டாவது வழி வாசிப்பு. ஊகம் பலிக்காமல் போனாலும் பாத்திரத்தைப் பற்றிய அறிவு மிஞ்சும்.

முதற்பகுதியை எழுதியபோது முடிவு என்ன என்பது பில்லருக்கே தெரியாது. அந்தப் பருவத்தோடு விலகிவிடலாமா என்று அவரும் எண்ணியிருந்தார். ரைக்கரின் தயக்கத்தில் தம்முடைய தயக்கம் கலந்திருந்ததாகப் பின்னாளில் கூறியிருக்கிறார். ஆகவே கண்டுபிடிக்கப்பட வேண்டிய விடை எதுவும் அந்த மூன்று மாதங்களில் எங்கும் ஒளிந்திருக்கவில்லை. எழுதியவரும் பார்வையாளரும் ஒரே பக்கத்தின் முன் நின்றார்கள்.

இரண்டாம் பகுதி தந்த விடை

ரைக்கரின் தாக்குதல் பலிக்கவில்லை. பிக்கார்டின் அறிவு முழுதும் இப்போது பகைவரிடம் இருப்பதே காரணம். உல்ஃப் 359 என்ற இடத்தில் நடந்த போரில் 39 கப்பல்களும் ஏறத்தாழ 11,000 உயிர்களும் அழிந்ததாகப் பின்னர் வந்த ஒரு கதை கணக்குச் சொல்கிறது. சிதைந்து மிதக்கும் கப்பல்களில் மெல்போர்னும் ஒன்று. ரைக்கர் பதவியை ஏற்றிருந்தால் அவருடைய முடிவு அங்கேயே நேர்ந்திருக்கும். கதை இதை விளக்கிப் பேசாமல் ஒரு வரியில் கடந்துசெல்வது அதன் நல்ல இடங்களில் ஒன்று.

பிக்கார்டை மனத்தளவில் விட்டுவிட்டால்தான் வெல்ல முடியும் என்பதைக் கைனன் ரைக்கருக்கு உணர்த்துகிறார். ரைக்கரும் பிக்கார்டைப் போலச் சிந்திப்பதை விட்டு, தம் வழியில் திட்டமிட்டு அவரை மீட்கிறார். பிக்கார்டின் மனம் வழியாகவே டேட்டா போர்க் கூட்டத்துக்கு உறங்கும் கட்டளையை அனுப்ப, பூமி தப்புகிறது. ஆனால் தலைமைக்குத் தகுதியானவர் என்று நிறுவப்பட்ட ரைக்கர், கதை முடிந்ததும் பழைய நாற்காலிக்கே திரும்புகிறார். ஏன் என்பதற்குக் கதைக்குள் வலுவான விடை இல்லை. தொடருக்கு அதே குழு தேவை என்ற வெளிக்காரணமே இங்கு முடிவு செய்திருக்கிறது. அவர் தனிக் கப்பலுக்குத் தலைவராவது 2002இல் வந்த 'நெமிசிஸ்' திரைப்படத்தில்தான்.

பிழைத்தவரின் கதி

இரண்டாம் கேள்விக்கான விடை அடுத்த கதையான 'ஃபேமிலி'யில் கிடைக்கிறது. ரொனால்ட் டி. மூர் எழுதிய இதில் விண்வெளிப் போர் இல்லை. பிக்கார்ட் பிரான்சில் தம் அண்ணன் ராபர்ட்டின் திராட்சைத் தோட்டத்துக்குச் செல்கிறார். இருவரும் சேற்றில் புரண்டு சண்டையிடுகிறார்கள். அதன் முடிவில், எதிர்க்க முடியாமற்போன தம் இயலாமையைச் சொல்லி அவர் அழுகிறார். உயிர் பிழைத்தது கதையின் முடிவாகிவிடாது என்பதை அந்தக் காட்சி நிறுவுகிறது. 1993இல் தொடங்கிய 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில், உல்ஃப் 359 போரில் மனைவியை இழந்த சிஸ்கோ, பிக்கார்டை நேரில் சந்திக்கும்போது வெறுப்பை மறைக்க முடியாமல் தவிக்கிறார். அவர் கண்ணுக்குப் பிக்கார்ட் மீட்கப்பட்ட வீரர் அல்லர். தம் இழப்பின் முகம்.

விடை தராத முடிவு

ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது பிரிட்டனின் 'பிளேக்ஸ் செவன்' தொடர். 1981 டிசம்பரில் ஒளிபரப்பான அதன் இறுதிக் கதையில், துரோகி என்று தவறாக எண்ணிப் பிளேக்கை ஏவான் சுட்டுக் கொல்கிறான். தோழர்கள் ஒவ்வொருவராக வீழ்கின்றனர். காவலர்கள் சூழ, ஏவான் துப்பாக்கியை உயர்த்திப் புன்னகைக்கிறான். திரை இருள்கிறது, வெடிச்சத்தம் மட்டும் கேட்கிறது. தொடர் மீண்டும் வரவில்லை. ஏவான் பிழைத்தானா என்பதற்கு விடை இல்லாவிட்டாலும், எவரையும் நம்பாமை அவனை எங்கே கொண்டு நிறுத்தியது என்பதற்கு விடை அங்கேயே இருக்கிறது.

மதிப்பீடு

'தி பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்' ரைக்கரிடம் எழுப்பிய கேள்வியைத் தட்டிக்கழித்தது. பிக்கார்டிடம் எழுப்பிய கேள்வியை நேர்மையாக எதிர்கொண்டது. முதற்பகுதி அளவுக்கு இரண்டாம் பகுதி நிறைவு தராததற்கு இதுவே காரணம். இவ்வகைக் கதைகளை ஆராயும் மாணவர்கள், யார் சாவார் என்பதோடு நிற்காமல், பிழைப்பவர் எதைச் சுமந்துகொண்டு வருவார் என்றும் கேட்டுப் பார்க்கலாம். அதற்கான தடயங்கள் பெரும்பாலும் இறுதிக் காட்சிக்கு முந்தைய அமைதியான காட்சிகளில் இருக்கும்.