முன்னோர் பட்டதும் முன்னோர் செய்ததும்

ஓசூர் சிப்காட் வேலைக்கு வந்து இங்கேயே வீடு கட்டிக்கொண்ட தென்மாவட்டக் குடும்பங்களில், பெண்ணுக்கு வரன் தட்டிப்போனாலும் சரி, பையன் குடித்துவிட்டு வந்தாலும் சரி, யாராவது ஓர் அத்தை கேட்பது ஒன்றுதான்: “குலசாமிக்குப் பொங்கல் வச்சு எத்தன வருஷமாச்சு?” ஊரோடு விட்டுவந்ததாக நினைத்த செத்தவர்கள் கணக்குக் கேட்கிறார்களாம். அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூர் போனால் இதையே குளிரூட்டிய அறையில், ‘குடும்ப அமைவு’ என்ற பெயரில் கேட்கலாம். முன்பின் தெரியாதவர்கள் நம் தாத்தாவாகவும் பாட்டியாகவும் நிற்க, பழைய காயத்தைத் தேடும் முறை அது. உருவாக்கிய பெர்ட் ஹெலிங்கர் தென்னாப்பிரிக்காவில் ஜூலு மக்களிடையே பாதிரியாராக இருந்தவர். முன்னோர் வழிபாடு ஜெர்மனி சுற்றிக் கட்டண ரசீதோடு நம்மிடம் வந்திருக்கிறது.

கேலி செய்வது சுலபம். ஆனால் ஒருவனின் பயத்தையும் ஆத்திரத்தையும் அவன் தலையில் மட்டும் கட்டாமல், ‘இது உன்னோடு தொடங்கியதல்ல’ என்று சொல்வதில் நிஜமான ஆறுதல் இருக்கிறது. சினிமா இதை நன்றாகவே பிடித்திருக்கிறது. மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ (2021) வலிப்பு வந்து நடுரோட்டில் கிடக்கும் சிறுமியோடு தொடங்குகிறது. பேருந்துகள் நிற்காமல் போகின்றன. செத்தவள் முகமூடி அணிந்த தெய்வமாகத் திரும்பி வருகிறாள். அந்தத் துக்கம் பூஜையறைக்குள் அடங்கிவிடவில்லை; ஊர் கேட்பது பேருந்து நிறுத்தம். பின்னணியில் 1995இல் கொடியங்குளத்தில் தலித்துகள்மீது போலீஸ் நடத்திய வெறியாட்டம் இருக்கிறது. பரம்பரைக் காயம் பொதுக் கோரிக்கையாவதுதான் படத்தின் பலம்.

ரிஷப் ஷெட்டியின் ‘காந்தாரா’ (2022) வேறு வழி போகிறது. தெய்வமாடிய அப்பா காட்டில் மறைந்துபோனதை மகன் கனவில் கண்டு அலறி எழுகிறான். கடைசியில் சாமியேறித் தீர்க்கிறான். பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கிறது, மறுக்கவில்லை. ஆனால் படத்தில் வரும் பண்ணையாருக்கும் பரம்பரை உண்டு. ஊருக்கு நிலம் கொடுத்த ராஜாவின் வாரிசு அவர். அவருக்கு மட்டும் கனவே வருவதில்லை.

காயம் தலைமுறை தாண்டி இறங்குகிறது என்பதற்கு மரபணு ஆதாரம் என்று சொல்லப்படுவதும் மெலிந்ததுதான். ரேச்சல் யெஹுதாவின் புகழ்பெற்ற ஆய்வில் நாஜிக் கொடுமையிலிருந்து தப்பியவர்கள் 32 பேர், பிள்ளைகள் 22 பேர். அதை வைத்துக்கொண்டு தாத்தாவின் பசி பேரனின் ரத்தத்தில் ஓடுகிறது என்பது பேராசை.

எனக்கு உறுத்துவது அதுவல்ல. இந்தத் தேடலில் எல்லோருக்கும் அடிபட்ட முன்னோரே கிடைக்கிறார்கள். அடித்தவர் யாருக்கும் கிடைப்பதில்லை. பாரிசில் பணியாற்றிய உளப்பகுப்பாய்வாளர்கள் நிக்கோலா ஆபிரகாமும் மரியா டோரோக்கும் சொன்னது இன்னும் கூர்மையானது: பெற்றவர்கள் வெட்கப்பட்டு மறைத்த ரகசியமே பிள்ளைக்குள் ஆவியாக உலவுகிறது. ஹெலிங்கரோ, கொடுமை செய்த தந்தையையும் வணங்கச் சொல்லிக் கடும் கண்டனத்துக்கு ஆளானவர்.

இந்த மண்ணில் அப்படி ஒரு ரகசியம் உண்டு. வேண்டாத பெண்குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுச்செல்லலாம் என்று சேலத்தில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தர்மபுரிக்கு வந்தது. ஓசூர் அடங்கிய, 2004இல் தனி மாவட்டமான கிருஷ்ணகிரி அப்போது அதற்குள்தான் இருந்தது. அரசே தொட்டில் வைக்கும் அளவுக்கு நடந்த பெண்சிசுக்கொலைகளைச் செய்தவர்கள் வெளியாட்கள் அல்லர். பாட்டி, மாமியார், சில வீடுகளில் தாயே. அந்தக் குழந்தைகளோடு பிறந்தவர்களுக்கு இன்று முப்பது, நாற்பது வயது. பிள்ளைகள் எத்தனை என்றால் கிழவிகள் சாதாரணமாகச் சொல்வார்கள்: “பெத்தது அஞ்சு, தங்குனது மூணு.” நோயிலும் வறுமையிலும் போனவை எத்தனையோ. அந்த இரண்டைப் பற்றி மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. கன்னியாகச் செத்த அத்தைக்குப் புடவை வைத்துக் கும்பிடும் வீட்டில், கள்ளிப்பால் குடித்தவளுக்குப் படையல் இல்லை.

பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ (1994) இதைத் தொட்டது, தேசிய விருதும் பெற்றது. ஆனால் அதில் சாகவேண்டிய குழந்தை தப்பி, டாக்டராகித் திரும்புகிறாள். தப்பியவள் கேட்பது எளிது. தங்கிய பிள்ளை, கூடவே இருக்கும் அம்மாவிடம் கேட்கும் படம்தான் கடினமானது. அப்படி எடுத்தாலும் குழந்தையைக் கொன்ற மாமியாரை வில்லியாக்கித் தப்பிக்க முடியாது. “பெத்தது ஏழு, தங்குனது நாலு” என்று சொல்லக்கூடியவள்தான் அவளும்.