‘வாறன்’ என்பதில் இருக்கும் ற

மட்டக்களப்புப் பேச்சில் நெருங்கினவர்களை விளிக்க ஒரு ‘கா’ உண்டு. அதை எழுதுவது எப்படி? “என்ன கா” என்று பிரித்தா, “என்னகா” என்று சேர்த்தா? ஒற்று மிகும் என்று எண்ணி “என்னக்கா” என்று எழுதினால் கூட்டாளியை அக்கா என்று அழைத்ததாகிவிடும். பள்ளிக்கூடத்தில் யாரும் இதைச் சொல்லித் தந்ததில்லை, இலக்கணப் புத்தகத்திலும் இல்லை. ஆனாலும் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் வட்ஸ்அப்பில் அந்தக் ‘கா’ நாள் முழுக்க எழுதப்படுகிறது. ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி எழுதுகிறார்கள், வாசிக்கிறவர் எல்லோரும் சரியாகவே விளங்கிக்கொள்கிறார்கள்.

இணையத்தில் சும்மா கதைக்கும்போது எழுத்தும் இலக்கணமும் பிழையின்றி இருக்க வேண்டுமா என்று கேட்டால், தமிழ் ஆசிரியர்களில் பெரும்பாலானோர் ஓம் என்பார்கள், இளையவர்கள் சிரிப்பார்கள். இரு தரப்பும் ஒரு கேள்வியைக் கேட்காமலே விடுகின்றன. பிழை என்பதை எந்த அளவுகோலால் அளக்கிறோம்?

‘வாறன்’ என்ற சொல்லை எடுப்போம். கண்டிப்பான ஒருவர் இதைக் கண்டால் முதலில் றகரத்தைப் பிடிப்பார். “வா என்பதற்குப் பின் ரதானே வரும், வாரன் என்று எழுது” என்பார். திருத்துகிறவர்தான் இங்கே பிழை விடுகிறார். வருகிறேன் என்பதில் நிகழ்காலத்தைக் காட்டுவது ‘கிறு’. பேச்சில் அது சுருங்கிச் சுருங்கி மிஞ்சியிருப்பது அந்த ஒரு ற. போகிறேன் போறன் ஆனதும், செய்கிறேன் செய்யிறன் ஆனதும் அப்படித்தான். ற எழுதிய பெடியனுக்கு இந்த விளக்கம் தெரியாமல் இருக்கலாம். அவனுடைய காதுக்குத் தெரிந்திருக்கிறது. பேச்சை எழுதுவதில் ஒழுங்கு இல்லை என்போர் கவனிக்காமல் விடும் இடம் இது.

ஊர்ப் பெயர்களையும் பிறமொழிச் சொற்களையும் தொட்டால் சங்கடம் இன்னும் கூடும். களுவாஞ்சிகுடியா, களுவாஞ்சிக்குடியா? இரண்டையும் பெயர்ப்பலகைகளில் காணலாம். காத்தான்குடியில் மௌத்துச் செய்தி அனுப்புகிறவர் ஜனாஸா என்கிறார், ஜனாசா என்கிறார். மௌத்து மவுத்தும் ஆகிறது, வபாத் வஃபாத்தும் ஆகிறது. அரபு ஒலியைத் தமிழ் எழுத்தில் பிடிக்கும்போது இந்தத் தள்ளாட்டம் இருக்கத்தான் செய்யும். நல்லடக்கத்துக்கு வரவேண்டியவர்கள் யாரும் அதனால் வராமல் நின்றதில்லை. ஆங்கிலச் சொற்களிலோ கடலின் இரு கரைக்கும் இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. நாங்கள் ரொறன்ரோ, ரிக்கற் என்று எழுதுவோம். தமிழ்நாட்டில் டொராண்டோ, டிக்கெட். இலங்கைத் தமிழர் வாயில் றகர இரட்டிப்பு ஆங்கிலத்தின் ‘t’ ஒலிக்கு அண்மையில் நிற்பதால் வந்த வழக்கம் இது. சென்னைக்காரர் ஒருவருக்கு ‘ரொறன்ரோ’ எழுத்துப்பிழையாகத் தெரியும். அவர் சிரிப்பதால் அது பிழையாகிவிடாது.

பழைய இலக்கணக்காரர்கள் இந்த விடயத்தில் நம் காலத்துக் கண்டிப்பாளர்களைவிடத் தாராளமானவர்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாக்கினார். இலக்கணமுடையதோடு இலக்கணப்போலிக்கும் மரூஉவுக்கும் இயல்பு வழக்கில் இடம் கொடுத்தார். சிதைந்து மருவிய சொல்லும் வழக்குத்தான் என்று ஒப்புக்கொண்ட துணிவு அது. தகுதி வழக்கில் குழூஉக்குறியைச் சேர்த்தார்: ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி வழங்கும் சொல். தட்டார் பொன்னைப் பறி என்பதை உரைகாரர்கள் உதாரணம் காட்டுவார்கள். இன்றைய வகுப்பறை வட்ஸ்அப் குழுவின் சுருக்கெழுத்துகளைப் பவணந்தி கண்டிருந்தால் எந்தத் தலைப்பின் கீழ் போடுவது என்று அதிகம் யோசித்திருக்க மாட்டார்.

இந்தச் சண்டை ஈழத்தில் ஒரு முறை நடந்து முடிந்ததுதான். 1960களின் தொடக்கத்தில் கே. டானியல், டொமினிக் ஜீவா போன்றவர்கள் ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சை அப்படியே கதைகளில் எழுதியபோது, மரபுப் பண்டிதர்கள் அதை இழிசனர் வழக்கு என்றார்கள். விமர்சகர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும் மறுத்து நின்றார்கள். வென்றது யார் என்பது இன்று எந்தச் சிறுகதைத் தொகுப்பைத் திறந்தாலும் தெரியும். அன்று எதிர்ப்புக்கு இலக்கணம் ஒரு போர்வை. யாருடைய வாய் அச்சேறலாம் என்பதே உண்மையான வழக்கு. “முதலில் தமிழை ஒழுங்காக எழுதப் படித்துவிட்டு வா” என்று இன்று பேஸ்புக்கில் ஒருவர் வாயை இன்னொருவர் அடைக்கும்போது அதே வாடை அடிக்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் வராது, ளகரத்துக்குத் திருத்தம் மட்டும் வரும். இப்படி அடிபட்டவர் அடுத்த முறை சரியாக எழுதுவார் என்று எதிர்பார்ப்பதும் வீண். பலர் குரல்பதிவுக்கு மாறிவிடுகிறார்கள், சிலர் வாயையே திறப்பதில்லை. ஐந்தாம் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டு வயலுக்கோ தோணிக்கோ போனவர்கள் இந்த வாவிக்கரையில் குறைவில்லை. அவர்களில் பலர் வாழ்க்கையில் முதல் தடவையாக நாள்தோறும் ஏதாவது எழுதுவது இந்தக் கைப்பேசியில்தான். நான் இதைப் பெரிய ஆதாயமாகவே கணக்கில் வைக்கிறேன்.

இன்னோர் ஆதாயம் மொழிக்கு. செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் மட்டக்களப்புப் பேச்சுத்தமிழை ஆராய்ந்து, தமிழின் பேச்சு வழக்குகளில் இலக்கியத் தமிழுக்கு மிக அண்மையில் நிற்பது இதுதான், பழமையான கூறுகள் பலவற்றை இது காத்து வைத்திருக்கிறது என்றார். எங்களூர் மேடைகளில் இந்தச் சான்றிதழ் கொஞ்சம் அதிகமாகவே வாசிக்கப்படுகிறது. பெருமை பேசுகிறோமே தவிர, அந்தப் பேச்சை எழுத்தில் வைத்திருந்தது சொற்பம். வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வந்தது. கூத்துப் பிரதிகளும் நாட்டார் கவிகளும் உண்டு. ஆனால் பிறகு என்பதை ‘மறுகா’ என்றும் திரும்பு என்பதைக் ‘கிறுகு’ என்றும் வீட்டில் கதைக்கிறவர்கள், படித்தவர் யாரும் இடையில் நின்று செப்பனிடாமல், தாங்களே எழுதியது இந்தப் பத்துப் பதினைந்து வருடங்களில்தான். கணினிக்கும் கைப்பேசிக்கும் தமிழ் கற்பிக்கிறவர்களுக்கு எழுத்தில் இல்லாத பேச்சு இல்லாத பேச்சுத்தான்.

இதே நிலையில் இருக்கும் ஓர் ஊர் எங்கள் உறவினர் பலருக்கு நன்றாகத் தெரிந்த ஊர்: சுவிஸ். ஜெர்மன் பேசும் சுவிஸ்காரர் அலுவலகக் கடிதத்தை நியம ஜெர்மனில் எழுதுகிறார். கைப்பேசியில் கூட்டாளிக்குத் தன் ஊர்ப் பேச்சில் எழுதுகிறார். அந்தப் பேச்சுக்கு எல்லோரும் ஏற்ற எழுத்துமுறை கிடையாது, அவரவர் காதுக்குப் பட்டபடி எழுத்துக்கூட்டுகிறார்கள். எழுத்துக்கு ஒரு நடையும் பேச்சுக்கு இன்னொரு நடையும் நிற்கும் இரட்டை வழக்கு பற்றி மொழியியலாளர் சார்ள்ஸ் பேர்குசன் 1959இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்கொண்ட நான்கு மொழிநிலைகளில் சுவிஸ் ஜெர்மனும் ஒன்று. அதனால் அங்கே நியம ஜெர்மனில் கடிதம் எழுதுவது நின்றுவிடவில்லை. ஆங்கிலக் குறுஞ்செய்திச் சுருக்கங்களால் பிள்ளைகளின் எழுத்தறிவு அழியும் என்ற பீதியை மொழியியலாளர் டேவிட் கிறிஸ்டல் 2008இல் ஒரு முழுப் புத்தகம் எழுதி மறுத்தார். இரண்டு நடையையும் பிரித்தறிந்து கையாளும் ஆற்றல் பிள்ளைகளுக்கு உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது: இரண்டாவது நடையை யாராவது அவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பரீட்சைத் தாளில் ‘வாறன்’ எழுதும் மாணவனைக் கெடுத்தது கைப்பேசி என்று சொல்லிவிட்டால், வகுப்பறையைப் பற்றிப் பேசாமல் தப்பிவிடலாம்.

இவ்வளவு சொன்னதால் எப்படி எழுதினாலும் சரி என்று நான் வாதாடுவதாக நினைக்க வேண்டாம். உரோமன் எழுத்தில் தமிழை அடிக்கும் பழக்கத்தின் மேல் எனக்கு மரியாதை குறைவு. கைப்பேசியில் தமிழ் இல்லாத காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. கைப்பேசியில் தமிழ் எழுத முத்து நெடுமாறன் செய்த செல்லினம் 2005இல் வந்தது, ஐபோனில் தமிழ் விசைப்பலகை 2013இல் வந்தது. அதற்குப் பிறகு மிஞ்சியது பழக்கதோஷம். உரோமனில் பாலமும் பழமும் பலமும் ஒரே ஐந்து எழுத்துக்குள் அடங்கிவிடுகின்றன. முன்னால் கல்லடி என்று இருந்தால் பாலம் என்று விளங்கிவிடும் என்பது சரி. ஆனால் ‘வேணும்’, ‘வேணாம்’ என்ற எதிரெதிர்ச் சொற்களைப் பிரிப்பது அங்கே நடுவில் வரும் ஓர் உயிரெழுத்து மட்டுமே. அவசரத்தில் விரல் தவறினால் வேண்டும் என்றது வேண்டாம் ஆகிவிடும்.

இருவர் கதைக்கும்போது இதுவும் பெரிய ஆபத்தில்லை, ஏனென்றால் திருப்பிக் கேட்கலாம். என் அளவுகோல் இதுதான்: வாசிக்கிறவரால் எழுதினவரிடம் திருப்பிக் கேட்க முடியுமா? முடியுமானால் எழுத்துப்பிழை ஒரு சின்னத் தடங்கல். முடியாதென்றால் அது வேறு கதை. குழுவில் போட்ட அறிவித்தல் அந்தக் குழுவோடு நிற்பதில்லை. குருமண்வெளியில் அனுப்பியது மண்டூர் போய், அங்கிருந்து கொழும்பு போய், மூன்றாம் நாள் திரும்பி வரும். எழுதியவர் யாரென்று அப்போது ஒருவருக்கும் தெரியாது.

ஆனால் அங்கேயும் ஆபத்து ஒற்றெழுத்தில் இல்லை. மாரி காலத்தில் “உன்னிச்சைக் குளம் நிரம்பி வெல்லம் வருகிறது” என்று ஒருவர் எழுதினால் யாரும் கிண்ணம் எடுத்துக்கொண்டு ஓடப் போவதில்லை. வெள்ளம் என்று விளங்கித்தான் ஓடுவார்கள். “நாளை காலை வான்கதவு திறக்கப்படும்” என்று எழுத்துப்பிழை ஒன்றும் இல்லாமல் எழுதியதுதான் ஆளைக் கெடுக்கும். எந்த நாளைக்கு நாளை? எந்தக் குளம்? சொன்னது நீர்ப்பாசனத் திணைக்களமா, சந்தியில் நின்ற யாரோவா? பண்டிதர் இந்த வாக்கியத்துக்கு நூற்றுக்கு நூறு போடுவார். 2011 ஜனவரி வெள்ளத்தில் நீருக்குள் கிடந்த ஊர்க்காரருக்கு அது ஒரு சதத்துக்கும் உதவாது. திகதியும் இடமும் சொன்னவர் பெயரும் இல்லாத அறிவித்தலைத் திருத்த வேண்டும் என்று குழுவில் சண்டை பிடிக்கிறவர் யாரையாவது கண்டிருக்கிறீர்களா?

இலக்கணம் உண்மையிலேயே உயிர் காக்கும் இடம் ஒன்று தமிழில் இருக்கிறது. சொல்லின் வாலில் ஒட்டும் ‘ஆம்’. “திறக்கப் போறாங்களாம்” என்றால் நான் கண்டதில்லை, கேட்டதைச் சொல்கிறேன் என்று பொருள். எல்லா மொழிக்கும் வாய்க்காத வசதி இது. ஒரேயோர் அசையில் பொறுப்பை உரியவரிடம் கொடுத்துவிடலாம். வாயால் சொல்லும்போது எங்கள் கிழவிகள் இதை ஒருபோதும் விடுவதில்லை. கைப்பேசியில் செய்தி கைமாறும்போது முதலில் உதிர்வது இந்த வால்தான். வருகுதாம் என்று புறப்பட்டது வருகுது என்று வந்து சேரும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாவலடியிலும் கல்லடியிலும் ‘கடல் வருகுது’ என்பதற்கும் ‘கடல் வருகுதாம்’ என்பதற்கும் உள்ள தூரத்தை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு, நீர்கொழும்புப் பக்கங்களிலும் குண்டுகள் வெடித்ததும், வதந்திக்குப் பயந்து அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் தற்காலிகமாக முடக்கியது. முழு நாட்டின் வாயையும் பூட்டுவதற்கு அரசுக்குக் கிடைத்த அந்தச் சாட்டில், உதிர்ந்த ஆம்களின் பங்கு கொஞ்சமில்லை. சந்திப்பிழை பார்க்கிறவர்கள் ஒரு நாளாவது இந்தப் பிழையைப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

அவர்களுக்கு இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. அதற்குப் பிறகும் இந்த நாட்டின் பஸ்ஸொன்றில், கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கிய ஆசனத்தின் மேல் தகரம் இருக்க வேண்டிய இடத்தில் நகரம் விழுந்து, தாய் நாயாகித் தொங்கியது. படம் எடுத்துப் பரப்பிச் சிரித்தோம். அதை எழுதினவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது, பார்த்துச் சரி சொல்ல அங்கே ஒரு தமிழ் அலுவலரும் இருந்திருக்க மாட்டார். பயணியால் அந்தப் பலகையிடம் திருப்பிக் கேட்கவும் முடியாது. ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதி, உரிய திணைக்களத்துக்கு அனுப்பி, பதில் வராவிட்டால் நினைவூட்டி, பலகையை மாற்றும்வரை விடாமல் நிற்பது அலுப்பான வேலை. அங்கே ‘லைக்’ விழாது. ‘வாறன்’ என்று எழுதிய பதினாறு வயதுப் பெடியனைப் பத்துப் பேர் முன்னால் திருத்துவது அதைவிட இலேசு, அதனால்தான் அந்த வேலைக்கு ஆள் தட்டுப்பாடு வருவதில்லை.