பாதிரி கேட்ட கேள்வி

பழைய தென்னாற்காட்டில் லுத்தரன் என்ற சொல் புதிதல்ல. டேனிஷ் மிஷன் வழிவந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபை இந்தப் பக்கத்துக்குப் பழக்கமானது. ஆனால் தமிழ் எழுத்தில் லுத்தரன் பாதிரி என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது 1706ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு. நினைவு வருவதோடு சரி. சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் அரிச்சுவடி எழுதியது, அச்சு இயந்திரம், 1715ல் புதிய ஏற்பாடு என்று மூன்றைச் சொல்லிவிட்டு நம் இலக்கிய சரித்திரக்காரர்கள் அடுத்த பாதிரிக்குப் போய்விடுவார்கள். இயந்திரத்தைக் கொண்டாடுகிறவர்களுக்கு எழுத்தைப் பற்றிக் கவலையில்லை.

எனக்கு அவர் முக்கியமாகப் படுவது வேறொரு காரியத்தால். 1712 முதல் 1714 வரை அவரும் சக பாதிரி க்ரூண்ட்லரும் தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பிப் பதில் கடிதங்கள் வாங்கினார்கள். அவற்றை ஜெர்மனில் பெயர்த்து, குறிப்புகள் சேர்த்து, ஹாலே நகருக்கு அனுப்பினார்கள். 99 கடிதங்கள் 1714லும் 1717லும் இரண்டு தொகுதிகளாக அங்கே அச்சாயின. சில 1717லேயே லண்டனில் ஆங்கிலத்திலும் வந்தன. நான் படித்தது ஆங்கில வழியில்தான்.

ஹாலேயின் பக்தி இயக்கம் விசுவாசத்தை நடத்தையில் தேடியது. கோட்பாட்டை ஒப்புக்கொண்டால் போதாது, தினசரி வாழ்க்கையில் அது தெரியவேண்டும். இந்த அளவுகோலோடு வந்தவர் சீகன்பால்கு. ஆகவே அவர் கேள்விகள் தெய்வங்களோடு நிற்கவில்லை. கல்யாணம், சாவு, வைத்தியம், பள்ளிக்கூடம் என்று போயின.

அந்த அளவுகோல் அவர் மீதே திரும்பியது. கிறிஸ்தவத்தை ஏன் வெறுக்கிறீர்கள் என்று கேட்டார். திரித்துவம் பற்றித் தர்க்கம் வரும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, வந்த பதில் வேறு. பசுவைக் கொன்று தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், வெளிக்குப் போனால் கால் கழுவுவதில்லை, செத்தவனுக்குச் சடங்கு செய்வதில்லை. இதில் ஜாதி ஆசாரத்தின் குரல் கலந்திருக்கிறது. அன்று எழுத்தாணி யார் கையில் இருந்தது என்பதை மறந்துவிட்டு இதைத் 'தமிழனின் பதில்' என்று மார்தட்டுவது அசட்டுத்தனம். ஆனாலும் பதிலின் தளம் சரியானது. நீ எதை நம்புகிறாய் என்பது எனக்கு வேண்டாம், நீ எப்படி வாழ்கிறாய் என்று சொல். பாதிரி கேட்டதும் இதைத்தானே?

சிந்தனையாளராக சீகன்பால்கு எனக்குப் பெரியவராகத் தோன்றவில்லை. விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறவர் அவர். எல்லாம் கடைசியில் சாத்தானின் வஞ்சகம் என்று முடிந்துவிடுகிறது. வியாக்கியானம் செய்யும்போது வாழ்க்கை அவர் விரலிடுக்கில் வழிந்துவிடுகிறது. ஆனால் தனக்கு எதிரான கடிதத்தைத் தன் கையாலேயே பெயர்த்து, மறுப்பைக் குறிப்பில் சொல்லிக்கொண்டு, தன்னை அனுப்பியவர்களுக்கே அனுப்பி வைத்தாரே, அந்த இடத்தில் அவர் பாதிரியைத் தாண்டி எழுத்தாளராகிறார். இதற்கு விலையும் உண்டு. தென்னிந்திய தெய்வங்களைப் பற்றி 1713ல் அவர் எழுதி அனுப்பிய நூல் ஹாலேயில் அச்சேறவில்லை. 1867ல்தான் சென்னையில் வெளிவந்தது. அவர் 1719லேயே, 36 வயதில், இறந்துவிட்டார்.

இழப்பு நம்முடையது. அந்தக் கடிதங்களின் தமிழ் மூலங்கள் தங்கவில்லை. தமிழ் உரைநடையின் தந்தை தத்துவ போதகரா வீரமாமுனிவரா என்று நாம் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம். 1712ல் சாவையும் சாப்பாட்டையும் பற்றி உரைநடையில் வாதாடிய மனிதன் ஜெர்மனில் கிடக்கிறான். உரைநடைக்குத் தந்தை தேவையில்லை. ஒருவன் கேட்கவேண்டும், இன்னொருவன் தயங்காமல் பதில் எழுதவேண்டும்.

எலவனாசூர்கோட்டையில் பாங்க் கவுண்டருக்கு வருகிறவர்களிடம் படிவத்தில் உள்ளதைக் கேட்கிறேன். தொழில் என்ன என்றால் மழை பெய்யாததைச் சொல்கிறார்கள். 'விவசாயம்' என்று ஒரு வார்த்தை எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறேன். விமர்சனத்திலும் நாம் செய்வது பெரும்பாலும் இதுதான். நம் கட்டத்துக்குள் அடங்குவதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். நம்மை அடியோடு மறுத்து வருகிற கடிதத்தை ஒரு வரி குறைக்காமல் அச்சிட்ட சிற்றேடுகள் நம்மிடையே எத்தனை? முந்நூறு வருஷத்துக்கு முன், நரகத்தை நம்பிய ஒரு பாதிரி அதைச் செய்திருக்கிறார்.