நாய்க்கென்றே ஒரு செயலி, நாய்க்கும் ஒரு செயலி

சென்னையில் வேலைக்குப் போகும் தம்பதி நாய் வளர்த்தால், அவர்கள் செல்போனில் அந்த நாய்க்கென்றே மூன்று நான்கு செயலிகள் இருக்கும். தீவனம் வாங்க ஒன்று, மருத்துவரிடம் பேச ஒன்று, குளிப்பாட்டி முடி வெட்டிவிட ஆள் கூப்பிட ஒன்று, பகலெல்லாம் வீட்டில் தனியே கிடக்கும் பிராணியை எட்டிப் பார்க்க ஒன்று. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இதே வேலைகள் போன் வழியாகத்தான் நடக்கின்றன. ஆனால் நாய்க்கென்று தனிச் செயலி வைத்திருப்பவர் அரிது. வாட்ஸ்அப், வைபர், ஃபேஸ்புக், இக்மன், டராஸ் என்று மனிதர்களுக்காக வந்தவையே நாயையும் பார்த்துக்கொள்கின்றன. இலங்கை பின்தங்கிவிட்டது என்று இதைச் சொல்லிவிடலாம்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டில் யாருக்கு நேரமில்லை, அவருடைய இடத்தில் யார் நிற்கிறார்கள் என்பதில்தான் இரு கரைகளும் வேறுபடுகின்றன.

கடை விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2008-ல் டெல்லியில் தொடங்கிய ஹெட்ஸ் அப் ஃபார் டெய்ல்ஸ், 2021-ல் பெங்களூரில் தொடங்கிய சூப்பர்டெய்ல்ஸ் போன்றவை பிராணிகளுக்கென்றே கடை விரித்தன. இப்போது பிளிங்கிட்டும் இன்ஸ்டாமார்ட்டும் தக்காளியோடு சேர்த்துப் பூனைத் தீவனத்தையும் கொண்டுவந்து வாசலில் வைக்கின்றன. இரவு ஒன்பது மணிக்கு டப்பா காலி என்று தெரிந்தாலும் கவலையில்லை. கொழும்பில் டராஸிலும் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் தீவனம் கிடைக்கும், விலைதான் இடிக்கும். 2022 நெருக்கடியில் டாலருக்கு இருநூறு ரூபாய் அளவில் இருந்த மதிப்பு 360 வரை சரிந்தபோது, இறக்குமதித் தீவனம் நடுத்தர வீடுகளுக்கு எட்டாக்கனியானது. யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு அது அவ்வளவு பெரிய அதிர்ச்சியில்லை. அங்கே நாய்க்குச் சோறும் அவித்த சூடை மீனும்தான் பழக்கம். அதை வாங்கச் செயலி வேண்டாம், காலையில் மீன்காரர் வந்தால் போதும். (தயிர்சாதத்திலேயே வளர்ந்த மயிலாப்பூர் நாய்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவற்றுக்கும் பிளிங்கிட்டால் பெரிய பயன் இல்லை.)

மருத்துவத்தில்தான் வேறுபாடு ஆழமாகிறது. தமிழ்நாட்டில் வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு 1903-லிருந்து வரலாறு உண்டு. 1989-ல் கால்நடை மருத்துவத்துக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் வந்தது. இலங்கை முழுவதற்கும் பேராதனையில் இருப்பது ஒரே ஒரு மிருக வைத்திய பீடம். வளர்ப்புப் பிராணிகளுக்கான தனியார் மருத்துவமனைகள் கொழும்பையும் அதைச் சுற்றியும்தான் அதிகம். வடக்கில் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு மாடும் ஆடும்தான் முதல் வேலை. நாய் அதற்குப் பிறகுதான். ஆகவே நாய்களைப் பார்க்கும் ஒரு வைத்தியரின் வாட்ஸ்அப் எண் கிடைத்துவிட்டால் அதைப் பத்திரப்படுத்தி, கேட்கும் உறவினருக்கெல்லாம் அனுப்புவார்கள்.

சென்னையில் நள்ளிரவிலும் செயலியைத் திறந்து, பணம் கட்டி, முன்பின் தெரியாத ஒரு மருத்துவரோடு வீடியோவில் பேச முடியும். அவர் பெங்களூரில் இருக்கலாம், டெல்லியிலும் இருக்கலாம். நம் நாயை அவர் முதன்முறையாக அன்றுதான் பார்க்கிறார். யாழ்ப்பாணத்தில் பேசக் கிடைப்பவர் போன மாதம் அதே நாய்க்கு ஊசி போட்டவர். ஆனால் அவர் போனை எடுத்துப் பார்த்தால்தான் பதில் வரும். "டொக்டர், நேற்றிலயிருந்து சாப்பிடேல்லை, வீடியோ அனுப்பியிருக்கிறன், ஒருக்காப் பாருங்கோ" என்று குரல்பதிவு போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் வேகம், மறுபக்கம் பழக்கம். இந்தியச் செயலிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருப்பதால், ஆங்கிலம் தடுமாறும் வயதானவர்களுக்குக் குரல்பதிவுதான் சுலபம். இது சென்னைக்கும் பொருந்தும். அங்கே யாரும் அதைக் கண்டுகொள்ளாததுதான் ஆச்சரியம்.

இரண்டு முறைக்கும் ஓர் எல்லை உண்டு. நம் வெப்பத்தில் உண்ணி மூலம் பரவும் எர்லிகியா, பேபீசியா நோய்கள் இரு கரைகளிலும் நாய்களைப் பிடித்து ஆட்டுகின்றன. காய்ச்சல், சோர்வு, சாப்பாட்டில் விருப்பமின்மை, ஈறு வெளுத்துப்போவது: வீடியோவில் தெரிவது இவ்வளவுதான். எந்த நோய் என்று அறிய இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். திரையில் பேசி மருந்துப் பெயர் வாங்கிக்கொண்டு இரண்டு நாள் கடத்துவது அந்த நாய்க்கு ஆபத்து. நொண்டல், இருமல், காயம், வலிப்பு, எதைத் தின்றது என்ற கேள்வி ஆகியவற்றுக்கு வீடியோ மிக உதவும். வலிப்பு மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதற்குள் நின்றுவிடும், செல்போனில் எடுத்த காட்சி கையில் இருக்கும். நாய் தூங்கும்போது மூச்சை எண்ணிக் குறித்துவைப்பதும் நல்லது. ஓய்வில் நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டிக்கொண்டே இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பூனை வளர்ப்பவர்கள் எந்தச் செயலியையும் திறக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். அதே மருந்தான பனடோல் இல்லாத வீடே இலங்கையில் கிடையாது என்பதால் அங்கே இதை இரண்டு முறை சொல்லலாம்.

தேதிகளை நினைவில் வைக்கப் பிராணிகளுக்கென்று 11பெட்ஸ் போன்ற செயலிகள் உண்டு. போனோடு வரும் நாட்காட்டியே போதும் என்பேன். குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து. உண்ணி மருந்து பெரும்பாலும் மாதம் ஒருமுறை. இவ்வளவையும் ஒருமுறை பதிந்துவிட்டால் ஆண்டாண்டாக அது நினைவூட்டிக்கொண்டே இருக்கும். தடுப்பூசி அட்டையை இரு கரையிலும் படமெடுத்து வைத்துக்கொள்கிறார்கள். காகிதம் கறையானுக்கும் வெள்ளத்துக்கும் போய்விடும் என்பது இரு ஊருக்கும் தெரிந்ததுதான்.

கேமராவுக்கு வருவோம், எனக்கு மிகப் பிடித்த வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. சென்னை அடுக்குமாடியில் கேமரா நாயைப் பார்க்கிறது. பழைய போனை ஆல்ஃபிரட் போன்ற செயலியால் கேமராவாக்கி, கூடத்தில் வைத்துவிட்டு, தரமணி அலுவலகத்தில் உட்கார்ந்து சோபாவைக் கடிக்கும் குட்டியை அதட்டுகிறார்கள். பேசும் குரல் கேட்டு அது வீடெங்கும் எசமானரைத் தேடி அலைவதும் உண்டு. தனிமையில் பதறும் நாய்க்கு அந்தக் குரல் ஆறுதலா, கூடுதல் குழப்பமா என்பதை ஒவ்வொருவரும் தம் நாயைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். யாழ்ப்பாணத்தில் கேமராவும் நாயும் ஒரே வேலைக்கு அமர்த்தப்பட்டவை. இரண்டும் படலையை, அதாவது வாசற்கதவைப் பார்க்கின்றன. அங்கே நேரமில்லாதவர் பக்கத்து ஊர் அலுவலகத்தில் இல்லை. ஸ்கார்பரோவிலோ கிழக்கு லண்டனிலோ இருக்கிறார். அம்மா அப்பாவுக்குத் துணையாக நாயை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். ஊசிக்கும் தீவனத்துக்கும் பணம் அனுப்புபவரும் அவரே. கனடாவில் இரவு இரண்டு மணிக்கு விழித்து, சிசிடிவி செயலியைத் திறந்து, "ஏன் நாய் முற்றத்தில இல்லை?" என்று அம்மாவுக்கு வைபரில் அழைப்பவர். இந்தத் தூரத்துச் சொந்தக்காரரை மனத்தில் வைத்து இந்தியாவில் யாரும் செயலி செய்ததாக எனக்குத் தெரியவில்லை. செய்தால் வடக்கில் நன்றாக ஓடும்.

2022-ல் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு வந்தபோது அந்தக் கேமராக்கள் கண்ணை மூடின. நாய்கள் வழக்கம்போல் குரைத்தன.

அரசாங்கம் குறுக்கிடும் இடத்தில் சென்னை வெகுதூரம் போய்விட்டது. சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு இணையவழியில் உரிமம் தருகிறது: படம், முகவரிச் சான்று, வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று, ஐம்பது ரூபாய். 2025 இறுதியில் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாதவருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்றது. தெருநாய் பற்றி உச்ச நீதிமன்றம் அந்த ஆகஸ்டில் பிறப்பித்த உத்தரவுகளும், கடிச் செய்திகளும் இந்த அவசரத்துக்குப் பின்னால் உண்டு. உரிமம் எடுக்கக் கடைசி நாள் நெருங்கியபோது செல்போனில் சான்றிதழைப் பதிவேற்ற முடியாமல் தவித்தவர்கள் ஏராளம். இலங்கையில் இன்றும் அடித்தளம் 1901-ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம். உள்ளூராட்சி சபைக்கு நேரில் போய்ப் பதிய வேண்டும். போகாதவர்களே அதிகம். அதேசமயம் விசர்நாய்த் தடுப்பூசியை அரசு இலவசமாகப் போடுகிறது. ஊசி போடுபவர்கள் கிராமத்துக்கே வந்து மரத்தடியில் நிற்பார்கள். வரும் தேதியை ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் குழுவிலும் யாராவது போட்டுவிடுவார்கள். உரிமத்தைவிட ஊசி முக்கியம் என்று நினைப்பவன் நான் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் மரத்தடிக்கே என் வாக்கு.

மைக்ரோசிப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை சென்னையில் பரவியிருக்கிறது: அது நாய் எங்கே இருக்கிறது என்று போனில் காட்டும் என்று. காட்டாது. அதில் இருப்பது பதினைந்து இலக்க எண் மட்டும். மிக அருகில் கருவியை வைத்துப் படித்தால்தான் தெரியும். இடத்தைக் காட்ட வேண்டுமானால் சிம் உள்ள ஜிபிஎஸ் பட்டை வேண்டும், அதற்கு மாதச் சந்தாவும் வேண்டும். ஆப்பிளின் ஏர்டேக் அருகில் செல்லும் ஐபோன்களை நம்பியிருக்கிறது. பெரும்பாலானோர் ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் நம் இரு ஊர்களிலும் அதன் கண் அரைகுறைதான்.

ஆகவே காணாமற்போன நாயை மனிதர்கள்தான் கண்டுபிடிக்கிறார்கள். 2024-ல் ஸ்விக்கி இதைப் புரிந்துகொண்டு, தொலைந்த பிராணியின் விவரத்தை அந்தப் பகுதியில் சுற்றும் தன் டெலிவரி ஆட்களுக்குத் தெரிவிக்கும் ஒரு வசதியைத் தொடங்கியது. நல்ல யோசனை, தெருவை அவர்களைவிட அதிகம் பார்ப்பவர் யார்? யாழ்ப்பாணத்தில் அந்த வேலையை ஃபேஸ்புக் செய்கிறது. கொக்குவிலில் தொலைந்த நாயின் படத்தை டொராண்டோவில் இருப்பவர் பகிர, அதைப் பாரிஸில் பார்த்தவர் தன் சித்தப்பாவுக்கு அனுப்ப, சித்தப்பா எட்டிப் பார்த்தால் நாய் அவர் வீட்டு மதிலோரம் நிற்கும். கழுத்துப் பட்டியில் எண் இருந்தால் இவ்வளவு சுற்றும் தேவையில்லை. பணம் கட்டுகிறவர் என்பதற்காகச் சில வீடுகளில் கனடா எண்ணைப் பொறித்து வைக்கிறார்கள். நாயைக் கண்டெடுத்தவர் வெளிநாட்டுக்கு அழைக்கத் தயங்கி, மிஸ்ட் கோல் கொடுத்துவிட்டு இருந்துவிடுவார். அம்மாவின் உள்ளூர் எண்ணைப் போடுங்கள்.