கூரைமேல் கவிழ்ந்த படகு

கோடையில் கனடாவின் அல்கான்குவின் பூங்காவை நோக்கிப் போகும் பல கேம்பர் வேன்களின் கூரையில் ஒரு கனூ படகு கவிழ்ந்திருக்கும். அதைக் கட்டியிருக்கும் நேர்த்தியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

கவிழ்த்து வைத்தால் மழைநீர் தேங்காது. விளிம்புகள் குறுக்குக் கம்பிகளில் அழுந்தி உட்காரும். மேலே இரண்டு பட்டை நாடாக்கள். அவற்றை ஒரு முறுக்கு முறுக்கித்தான் கட்டுவார்கள். தட்டையாக விட்டால் காற்றில் படபடத்து, வழிநெடுக ரீங்கரிக்கும். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று படகின் மூக்கைத் தூக்கப் பார்க்கும். அதை அடக்குவது, மூக்கை வண்டியின் முன்பக்கத்தோடு இழுத்துக் கட்டும் முன்கயிறு. எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கயிறுதான்.

வேன் உயரமாயிற்றே, எப்படி ஏற்றுவது? பின்பக்கம் மூக்கைச் சாத்தி, வாலைத் தூக்கித் தள்ளினால் போதும். கெவ்லார் என்ற செயற்கை இழையால் செய்த படகு 20 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அனிஷினாபே பழங்குடி மக்கள் ஏரிக்கு ஏரி தோளில் சுமந்த மரப்பட்டைப் படகின் வாரிசல்லவா!

கிளம்பிய சிறிது நேரத்தில் வண்டியை ஓரங்கட்டி நாடாக்களை இழுத்துப் பாருங்கள். பெரும்பாலும் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.