கேமராவின் பின்திரை

கேமரா என்றதும் பலரும் லென்ஸைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது அதன் பின்பக்கத் திரை. 1995இல் வந்த காசியோ க்யூவி-10 கேமராவிலேயே 1.8 அங்குலத்தில் இப்படியொரு திரை இருந்தது. எடுத்த படத்தை எடுத்த இடத்திலேயே பார்ப்பது எவ்வளவு பெரிய வரம் என்பது, ஃபிலிமைக் கழுவக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

நீலத் தார்ப்பாய் கட்டிய பூக்கடையைப் படமெடுத்துப் பாருங்கள். மல்லிகை நீலம் பாரித்துக் கிடக்கும். ஒளியின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை 5,200 கெல்வினிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். திரையிலேயே நீலம் வடிந்து பூ வெளுக்கும். பூ கட்டும் அம்மாவின் முகத்தில் மாநிறம் திரும்பும். கண்முன்னே நடக்கும் அந்த மாற்றம் எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. கோப்பு வகையை 'ரா' (பதப்படுத்தாத மூலக் கோப்பு) என்று வைத்துக்கொண்டு, வண்ண அமைப்பைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிடுவேன். திரையில் நிறங்கள் விலகி, வெளிச்சமும் நிழலும் மட்டும் நிற்கும். எதைச் சட்டகத்துக்குள் வைப்பது, எதை வெட்டுவது என்று அப்போது மனம் சட்டென முடிவெடுக்கும். கோப்பிலோ எல்லா நிறமும் பத்திரமாக இருக்கும். வீட்டுக்கு வந்து வேண்டியபடி எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். வெயிலில் திரை மங்கித் தெரியும். இருட்டில் மங்கலான படமும் பளிச்சென்று தோன்றும். சட்டகம் அமைக்கத் திரையைப் பாருங்கள். வெளிச்சத்தின் அளவுக்கு, படத்தின் ஒளிப் பரவலை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.