பேய்க்கும் ஒரு பின்பாட்டு

மலேசியாவின் கேமரன் மலையில் பேய்க்கதைக்குக் கரு தேடி அலைய வேண்டியதில்லை. 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டுக்கு உலகச் சந்தையைத் திறந்துவிட்ட அமெரிக்கர் ஜிம் தாம்சன், தானா ராத்தாவுக்கு அருகில் நண்பர்களின் மூன்லைட் பங்களாவிலிருந்து பிற்பகலில் வெளியே நடந்தார். சிகரெட்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பவும் இல்லை. போலீசும் ராணுவமும் பழங்குடிகளான ஒராங் அஸ்லி மக்களும் காட்டைச் சலித்தார்கள். மலாய் மந்திரவாதிகளான போமோக்கள் வந்தார்கள், ஞானதிருஷ்டிக்காரர் என்று பேர் வாங்கிய பீட்டர் ஹர்கோஸும் வந்தார். ஒன்றும் பலிக்கவில்லை. இந்தச் சம்பவத்தில் திகில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு சிரிப்பும் இருக்கிறது. ஆனால் இன்று யூடியூபிலும் பாட்காஸ்ட்டிலும் குவியும் தமிழ்ப் பேய்க்கதைகளின் வார்ப்பில் இதை ஊற்றினால் சிரிப்பு முதலில் காணாமல் போகும். மிஞ்சுவது மூடுபனி, துரை பங்களா, நாய் ஊளை, கொலுசுச் சத்தம்.

ஒலிக்கதையின் பலத்தில் ஐயமில்லை. கண்ணுக்கு எதையும் காட்டாததால், பேயின் முகத்தைக் கேட்பவரே வரைந்துகொள்கிறார். தன்னைப் பயமுறுத்தும் முகம் எதுவென்று அவரைவிட யாருக்குத் தெரியும்? இந்தப் பலத்தைக் கதை சொல்பவரே கெடுத்துக்கொள்வதுதான் வேடிக்கை. புதுமைப்பித்தனின் படைப்புகள் 2002இல் நாட்டுடைமையான பிறகு, ‘காஞ்சனை’யை யார் வேண்டுமானாலும் ஒலிவடிவில் சொல்லலாம் என்றாயிற்று. அந்தக் கதையில் அச்சம் மூக்கு வழியாக நுழைகிறது. வாசனைக்கு எந்த ஒலித்தொகுப்பிலும் ஓசை கிடையாது. சொல்லை நிதானமாகச் சொன்னால்தான் அது மணக்கும். பின்னணியில் வயலினைக் கதறவிட்டால் மணமும் போய்விடும், கதைசொல்லியான எழுத்தாளன் தன்னையே கிண்டலடித்துக்கொள்ளும் குரலும் போய்விடும். அந்தக் கிண்டல் ஒப்பனைக்காக வந்ததில்லை. பேயை நம்பலாமா என்று தடுமாறும் அறிவாளியின் கடைசிப் பிடிமானம் அது.

இந்த வகைக்கு உயிர் கொடுப்பது பயப்படாத ஓர் இரண்டாம் குரல் என்பது என் வாதம். நம் மரபுக்கு இது புதிதில்லை. சுடலைமாடன் கைக்குழந்தையாக இருக்கும்போதே சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்கிறான். வில்லுப்பாட்டில் அதைப் புலவர் பாட, பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போட்டுக்கொண்டே குறுக்குக் கேள்வி கேட்பார். மலாயாத் தோட்டங்களுக்குப் பெருந்தொகையாக ஆள் அனுப்பிய வட ஆர்க்காட்டின் தெருக்கூத்தில் கட்டியங்காரனுக்கு அந்த வேலை. நம் மரபுக்கு வெளியேயும் இது உண்டு: அமெரிக்க வானொலியில் ‘இன்னர் சாங்டம்’ திகில் நிகழ்ச்சி கிரீச்சிடும் கதவோடு 1941இல் தொடங்கியது. 1945இல் லிப்டன் தேயிலை அதற்குப் புரவலரானதும், கொலைக்கும் பிணத்துக்கும் நடுவே ஒரு பெண்மணி உற்சாகமாகத் தேநீரைப் புகழ்ந்தார். தொகுப்பாளரின் சவப்பெட்டி ஜோக்குகளைச் செல்லமாகக் கண்டிக்கவும் செய்தார். விளம்பரத்துக்காக வந்தவர் கட்டியங்காரன் வேலையைப் பார்த்துவிட்டுப் போனார்.

சிரிப்பு வந்தால் பயம் கரைந்துவிடாதா என்று கேட்கலாம். கோமாளித்தனமான சிரிப்பானால் கரையும். பேய்க்கு மிமிக்ரி குரல் கொடுக்கும் நகைச்சுவைத் துணுக்குகள் அதற்குச் சாட்சி. ஆனால் காரியத்தில் கண்ணாயிருப்பவனின் சிரிப்பு பயத்தை இறுக்கும். தோட்டத்துப் பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கெடுப்பில், கணக்குப்பிள்ளையான கிராணி பேர் கூப்பிடுகிறார். போன வாரம் புதைத்தவன் “ஆஜர் ஐயா” என்கிறான். கிராணி தலை நிமிராமல், இவனுக்கு அரைநாள் பேர் போடுவதா முழுநாள் பேர் போடுவதா என்று யோசிக்கிறார் என்று வையுங்கள். அங்கே பிணத்தைவிடச் செக்ரோல் என்ற பேர்ப்பதிவேடுதான் குலைநடுங்க வைக்கிறது. செத்தவனையும் ஆள்கணக்கில் சேர்க்கும் அந்த நிதானத்துக்கு எந்த எதிரொலியும் ஈடாகாது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் தொடங்கிய ‘போ’ தேயிலைத் தோட்டம் போன்ற இடங்களில் காட்டை வெட்டிச் சரிவுகளைத் தேயிலையாக்கியவர்களின் கதைக்கு இந்த வகைத் திகிலே பொருந்தும். மலேசியத் தோட்டத் தமிழர் முனியாண்டியிடம் வைத்திருக்கும் உறவும் இப்படிப்பட்டதுதான்: நடுங்குவார்கள், சுருட்டும் சாராயமும் படைத்துப் பேரமும் பேசுவார்கள். இந்தப் பேரத்தை விட்டுவிட்டு எந்த ஊருக்கும் பொருந்தும் வெள்ளைச் சேலை மோகினியை மலையேற்றுவது சோம்பல்.

இன்னோர் ஆட்சேபம் கனமானது. தாம்சன் கற்பனை ஆள் இல்லை. அவர் எப்படிப் போனார் என்பது இன்றுவரை துலங்கவில்லை. அதை வைத்துச் சிரிக்கலாமா? யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. காணாமல் போனவர் சிரிப்புக்குரியவர் ஆகமாட்டார். மந்திரத்தாலும் ஞானதிருஷ்டியாலும் காட்டை அளந்துவிடலாம் என்று வந்தவர்கள் தாராளமாக ஆவார்கள். நம் ஒலிக்கதைகள் இங்கேதான் அடிக்கடி சறுக்குகின்றன. சூனியக்காரக் கிழவி, மனம் பேதலித்த பெண், ‘காட்டு மந்திரம்’ தெரிந்த பழங்குடி என்று கேலிக்குக் கிடைப்பவர்கள் எல்லாம் ஏற்கெனவே இளைத்தவர்கள். தேடுதலில் காட்டைப் படிக்கத் தெரிந்தே இறங்கியவர்கள் ஒராங் அஸ்லிகள். கதையில் அவர்களுக்கு மந்திரவாதி வேடம் தருவதைவிட அந்த இரண்டாம் குரலைத் தரலாம்: தேடி வந்த பெரிய மனிதர்கள் வழிதவறி நிற்பதை ஓரமாக நின்று பார்த்து, மழை வருகிறது, இறங்கிப் போகலாம் என்று சொல்பவராக.